பழங் கணிப்பொறிக்குப் புது நினைவகம்

சென்ற 2025-ஆம் ஆண்டுக் கிறிஸ்து பிறப்பு விடுமுறையில் யாம் எமது ஊராகிய ஒலக்கூருக்குச் சென்றிருந்த காலத்து, எம் இல்லத்தில் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. வழக்கிற்குரிய பொருள் ஒரு கணிப்பொறி. எம் தமையனார் பாலிடெக்னிக் படிப்பை முடித்துத் தொழிற்சாலையொன்றில் அமர்ந்த முதலாண்டில், அஃதாவது 2019-ல், மாதந்தோறும் மிச்சம்பிடித்த பணத்தைக்கொண்டு உறுப்பு உறுப்பாக வாங்கித் தம் கையாலேயே பூட்டியமைத்த பொறி அது. விளையாட்டிற்காகவே அது வாங்கப்பெற்றது என்பதை மறைப்பதிற் பயனில்லை. ஆயினும் அது விளையாட்டிற்கு மட்டும் உழைக்கவில்லை. பெருந்தொற்றுக் காலத்திற் பள்ளிகள் அடைபட்டிருந்தபோது எம் தங்கையும் யாமும் அதன் முன்னிருந்தே பாடங் கேட்டோம். எம் தெருவிலுள்ளார் பலருடைய தேர்வு விண்ணப்பங்களும் சான்றிதழ் விண்ணப்பங்களும் அதன் வாயிலாகவே சென்றன.

இப்பொழுது அப்பொறி தளர்ந்துவிட்டது. பொத்தானை அழுத்திவிட்டு அடுக்களைக்குச் சென்று காப்பி குடித்துத் திரும்பினாலும் திரை ஆயத்தமாக இராது. ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5’ என்னும் ஆட்டத்தில் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும்போதே காட்சி கல்லாய்ச் சமைந்து நின்று, வண்டி சுவரில் மோதிய பின்னரே மீண்டும் உயிர்பெறும். ‘வேலோரண்ட்’ ஆட்டத்தில் தமையனாரின் தோழர்கள் அவரைத் தம் கூட்டத்திற் சேர்த்துக்கொள்ளவே தயங்கினர். ஆகவே அதனைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டு, மாதத்தவணையிற் புதியதொன்று வாங்க அவர் கருதினார். தங்கைக்கோ ஜனவரித் திங்களிற் செவிலியர் கல்லூரி விடுதிக்கட்டணம் செலுத்தவேண்டியிருந்தது. இரண்டிற்கும் பணம் ஒரே பெட்டியிலிருந்துதான் வரவேண்டும். அப்பா ஒன்றுங் கூறாது திண்ணையில் அமர்ந்து விதைக்கு மணிலா உரித்துக்கொண்டிருந்தார். அவர் பேசாதிருப்பதே எம் வீட்டில் மிகக் கடுமையான பேச்சு.

“பொறியை மாற்றவேண்டா, அண்ணா, அதன் நினைவகத்தை மட்டும் பெருக்கிப் பார்ப்போம்” என்று யாம் கூறினோம். “தமிழ் படிக்கிற உனக்கு இதில் என்ன தெரியும், தம்பி?” என்றார் அவர். அவ்வினாவிற்கு விடையாக அன்று யாம் அவரிடங் கூறியனவும், பின்னர்ப் பட்டறிந்தனவுமே இக்கட்டுரை. நம் கல்லூரி விடுதியிலும் இவ்வாறு தளர்ந்த பொறிகளை வைத்துக்கொண்டு பெருமூச்சு விடும் அன்பர்கள் பலருளர் என்பதை யாம் அறிவோமாதலின், அவர்கட்கும் இது பயன்படலாம்.

நினைவகம் என்பது யாது? கணிப்பொறியுள் இருவகைச் சேமிப்பிடங்கள் உள. ஒன்று நிலையானது, மின்சாரம் நின்றாலும் எழுதியதை இழவாதது. வட்டு என்றும் ‘ஹார்ட் டிஸ்க்’ என்றும் நாம் வழங்குவது அது. மற்றொன்று மின்சாரம் உள்ளவரையே உயிருள்ளது. அதுவே ‘ரேம்’ எனப்படும் நினைவகம். நூலகத்திற் படிக்கும் ஒருவனை நினைத்துக்கொள்க. அலமாரிகள் நிறைய நூல்கள் உள்ளன, அவை வட்டு. அவன் முன்னுள்ள மேசை நினைவகம். படிப்பவனே செயலி. நிகண்டும் உரையும் மூலமும் இலக்கணமும் ஒருங்கே விரித்துவைக்க மேசையில் இடமிருந்தால் அவன் படிப்பு விரைந்து செல்லும். மேசை சிறிதாயின், உரையைப் பார்க்க நிகண்டை எடுத்துக்கொண்டுபோய் அலமாரியில் வைத்துவிட்டு வரவேண்டும். மறுபடி நிகண்டு வேண்டுமெனில் உரையைக் கொண்டுபோய் வைக்கவேண்டும். படிக்கும் நேரத்தினும் நடக்கும் நேரமே மிகும். கணிப்பொறியும் நினைவகம் நிறைந்தவுடன் இங்ஙனமே தன்னிடமுள்ளதில் ஒரு பகுதியை வட்டிற் கொண்டுபோய் எழுதிவைத்து, வேண்டும்போது திரும்ப எடுக்கிறது.

இவ்வுவமையில் ஒரு குறை உண்டு. மேசைக்கும் அலமாரிக்கும் உள்ள தொலைவு பத்தடி அல்லது இருபதடியே. நினைவகத்திற்கும் சுழலும் வட்டிற்கும் உள்ள வேறுபாடு அத்தகையதன்று. நினைவகத்தில் ஓரிடத்தைத் தேடி எடுக்க ஒரு நொடியின் கோடியில் ஒரு பங்கு அளவே செல்லும். நிமிடத்திற்கு 7200 முறை சுழலும் வட்டிலோ, தலை நகர்ந்து உரிய இடத்தைப் பிடிக்க நொடியின் நூற்றில் ஒரு பங்கு ஆகிறது. ஏறத்தாழ ஓர் இலட்சம் மடங்கு வேறுபாடு. ஆதலின் எம் படிப்பாளியின் அலமாரி அடுத்த அறையில் அன்று, அயல்நாட்டில் இருக்கிறதென்று கொள்வதே பொருந்தும். ஆட்டத்தின் நடுவே காட்சி கல்லாய் நிற்பது இப்பயணத்தினால்தான்.

இனி இந்நினைவகம் செய்துள்ள முறை வியக்கத்தக்கது. 1966-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த ராபர்ட் டென்னார்ட் என்பார், ஒரேயொரு டிரான்சிஸ்டரும் மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் ஒரு சிறு மின்தேக்கியும் இருந்தால் ஒரு ‘பிட்’டைக் காத்துவைக்கலாம் என்று கண்டார். 1968-ல் அதற்குக் காப்புரிமை பெற்றார். தேக்கியில் மின்னூட்டம் இருந்தால் ஒன்று, இல்லையேல் சுழி. 2024-ல் அவர் மறைந்தபோதும் உலகிலுள்ள கணிப்பொறி நினைவகங்கள் பெரும்பாலும் அவர் கண்ட நெறியிலேயே இயங்கிக்கொண்டிருந்தன. 1970-ல் இன்டெல் நிறுவனம் விற்ற 1103 என்னும் சில்லு 1024 பிட்டுகளைக் கொண்டது. இன்று கடைகளிற் கிடைக்கும் 8 ஜி.பி. துண்டொன்றில் உள்ள சிற்றறைகளோ 6,871 கோடிக்கு மேல். விரல் நீளத்தினும் சிறிது மிக்க பலகைத் துண்டிற்குள் இத்தனை அறைகளா என்று எம் தாயார் கேட்டார். யாமும் கணக்கை இருமுறை போட்டே பார்த்தோம்.

இச்சிற்றறைகளுக்கு ஒரு பெருங்குறை உண்டு: அவை ஒழுகும். ஓட்டைக் குடத்திலுள்ள நீர்போல மின்னூட்டம் சிறிது சிறிதாகக் கசிந்துவிடும். ஆகவே எழுதியது அழியுமுன் அதனைப் படித்து, மீண்டும் அவ்விடத்திலேயே எழுதவேண்டும். நினைவகம் பொதுவாக 64 மில்லி வினாடிக்குள், அஃதாவது ஒரு நொடியிற் பதினைந்து முறைக்கு மேல், தன் அறைகள் அனைத்தையும் இங்ஙனம் புதுப்பித்துக்கொள்கிறது. தமிழ் மாணவர்க்கு இதனை விளக்க வேற்றிடம் செல்லவேண்டுவதில்லை. பனையோலை சிதலுக்கும் ஈரத்திற்கும் இரையாவது. முன்னோர் பழைய ஏடு இற்றுப்போகுமுன் புது ஏட்டிற் படியெடுத்து வைத்தமையாலன்றோ நூல்கள் நம் கைக்கு வந்தன? படியெடுப்பார் இல்லாத நூல்கள் மாண்டொழிந்தன. நினைவகத்தில் மின்சாரமே படியெடுப்போன். அவன் கை ஓய்ந்தால் நூல் முழுதும் போயிற்று. ஒலக்கூரில் ஆடிமாதக் காற்றுக்கு மின்சாரம் நிற்குந்தோறும் எம் தமையனார் சேமியாத ஆட்டங்கள் போனது இதனாலேயே.

இத்துணையுங் கூறியும் தமையனார் மனம் இசையவில்லை. “நினைவகந்தான் குறை என்பதற்குச் சான்று என்ன?” என்றார். தக்க வினா. நோய் நாடி, நோய்முதல் நாடாமல் மருந்து வாங்குதல் பணத்தை வீணாக்கும். ஆகவே விசைப்பலகையில் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் என்னும் மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தினோம். ‘டாஸ்க் மேனேஜர்’ என்னும் பலகணி திறந்தது. ஆட்டத்தை ஓடவிட்டு அதனை நோக்கினோம். நினைவகம் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு நிறைந்திருந்தது. வட்டு நூற்றுக்கு நூறு உழைத்துக்கொண்டிருந்தது. செயலியோ பாதியளவே வேலை செய்தது. படிப்பவன் சும்மா இருக்க, ஏவலாள் அலமாரிக்கு ஓடியோடிக் களைக்கும் காட்சி அது. செயலி முழுதும் உழைத்து நினைவகம் பாதி வெறுமையாய் இருந்திருந்தால், நினைவகம் பெருக்குவதில் எள்ளளவும் பயன் இராது. எவ்வளவு பெரிய மேசையும் மெல்லப் படிப்பவனை விரைந்து படிப்பவனாக்காது.

அப்பலகணியில் மற்றொரு செய்தியும் இருந்தது. பொறியிலுள்ளது 8 ஜி.பி. நினைவகம், ஆனால் பயன்படுவதற்குரியது 6 ஜி.பி.க்குச் சிறிது குறைவு என்று காட்டிற்று. எஞ்சிய 2 ஜி.பி. எங்குச் சென்றது? தமையனார் வாங்கியது ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் 3 2200ஜி என்னும் செயலி. 2018-ல் வெளிவந்த இது ஏழை விளையாட்டாளரின் செல்வப்பிள்ளை. ஏனெனில், ஆட்டங்களுக்கு வேண்டிய வரைகலைப் பகுதி இதனுள்ளேயே அமைந்துள்ளது. தனியே ‘கிராபிக்ஸ் கார்டு’ வாங்கவேண்டுவதில்லை. ஆயின் தனி அட்டைக்குத் தனி நினைவகம் உண்டு; இதற்கு இல்லை. இது பொதுப் பானையிலிருந்தே உண்கிறது. அப்பொறியின் அமைப்பில் 2 ஜி.பி. அதற்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. மிஞ்சிய ஆறில் விண்டோஸ் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ள, ஆட்டத்திற்குக் கிடைத்தது ஏறத்தாழ மூன்றே. 2023-ல் வெளிவந்த ‘கவுன்டர் ஸ்ட்ரைக் 2’ போன்ற ஆட்டங்கள் குறைந்தது 8 ஜி.பி. நினைவகம் வேண்டும் என்று வெளிப்படையாகவே கூறுகின்றன. இதனைக் கண்டபின் தமையனார் சிறிதுநேரம் பேசவில்லை. அப்பாவிடமிருந்து கற்றது போலும்.

நினைவகம் வாங்குவதென்று முடிவாயிற்று. ஆனால் எதை வாங்குவது? இங்கேதான் பலர் வழுக்கி விழுகின்றனர். தமையனாரே முன்னொருமுறை விழுந்திருக்கிறார் என்பதை அன்றுதான் தயக்கத்தோடு வெளியிட்டார். அக்டோபர்த் திங்களில், பக்கத்து நகரிற் பெயர் குறிப்பிட விரும்பாத ஒரு கடையில் 900 ரூபாய்க்கு 8 ஜி.பி. நினைவகத் துண்டொன்றை வாங்கி வந்திருக்கிறார். “எந்தக் கம்ப்யூட்டருக்கும் போடலாம்” என்று கடைக்காரர் கூறினாராம். பொறியில் அது நுழையவில்லை. திரும்பக் கொடுக்கச் சென்றால், “விற்ற பொருளைத் திருப்பி எடுப்பதில்லை” என்று சீட்டின் அடியில் அச்சிட்டிருந்ததைக் காட்டினார்களாம். அலமாரியின் மேல்தட்டிலிருந்து அதனை எடுத்துவந்து எம்மிடங் கொடுத்தார். அது டி.டி.ஆர். 3 வகை, பொறியிலுள்ளது டி.டி.ஆர். 4.

இவ்வகைகள் தலைமுறைகள் போல்வன. ஜெடெக் என்னும் தரநிர்ணய அமைப்பு டி.டி.ஆர். 3-க்கு 2007-லும், டி.டி.ஆர். 4-க்கு 2012-லும், டி.டி.ஆர். 5-க்கு 2020-லும் தரம் வகுத்தது. ஒன்றன் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. மேசைக்கணிப்பொறிக்குரிய டி.டி.ஆர். 3 துண்டில் 240 தொடுமுனைகளும் டி.டி.ஆர். 4-ல் 288 தொடுமுனைகளும் உண்டு. முன்னது 1.5 வோல்ட்டிலும் பின்னது 1.2 வோல்ட்டிலும் இயங்குவன. இரண்டினும் கீழ்விளிம்பில் ஒரு வெட்டு இருக்கும். அவ்வெட்டின் இடம் வகைக்கு வகை மாறும். தாய்ப்பலகையிலுள்ள ‘ஸ்லாட்’ என்னும் பள்ளத்தில் அவ்வெட்டிற்கு நேரே ஒரு முட்டு இருக்கும். வகை மாறினால் முட்டு தடுத்துவிடும். இது பொறியைச் செய்தோர் நமக்குச் செய்துவைத்த காவல். அக்காவலை அழுத்தி வெல்ல முயல்வோர் பள்ளத்தை உடைப்பர். தமையனார் முயலாமல் விட்டமைக்கு யாம் அவரைப் பாராட்டினோம். சிறிது முயன்றார் என்பது அப்பள்ளத்தின் ஓரத்திலிருந்த கீறலினாற் புலனாயிற்று. அதனை யாம் பெரிதுபடுத்தவில்லை.

மடிக்கணினிக்குரிய துண்டுகள் நீளத்திற் குறைந்தவை; டி.டி.ஆர். 3-ல் 204 தொடுமுனைகளும் டி.டி.ஆர். 4-ல் 260-உம் உடையவை. தமிழ்நாட்டில் 2011-ல் தொடங்கி மாணவர்க்கு விலையின்றி வழங்கப்பெற்ற மடிக்கணினிகள் இன்றும் பல வீடுகளிற் பரண்மேல் உள. அவற்றையும் இம்முறையில் எழுப்பலாம். ஆனால் அவற்றில் 32-பிட் விண்டோஸ் இருந்தால் 4 ஜி.பி.க்கு மேற்பட்டதை அது காணாது. எவ்வளவு பூட்டினும் வீண். அண்மைக்கால மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பெற்றிருக்கும். அங்கே நம் கைக்கு வேலையில்லை.

அடுத்து ஒரு நுட்பம். பொறியில் இருந்தது ஒற்றை 8 ஜி.பி. துண்டு, பள்ளங்கள் இரண்டு, ஒன்று வெறுமை. 8-ஐ எடுத்துவிட்டு ஒரே 16 ஜி.பி. துண்டு போடலாம், அல்லது இருப்பதோடு மற்றொரு 8-ஐச் சேர்க்கலாம். இரண்டின் கூட்டுத்தொகை ஒன்றே; ஆயினும் இரண்டாவதே சிறந்தது. காரணம், செயலிக்கும் நினைவகத்திற்கும் இடையே இரு வாய்க்கால்கள் உள. ஒரு துண்டு மட்டும் இருந்தால் ஒரு வாய்க்காலிலேயே நீர் ஓடும். ஒவ்வொரு வாய்க்காலும் ஒரே முறையில் 64 பிட்டு, அஃதாவது 8 பைட்டு, கொண்டுசெல்லும். 2400 என்று விரைவெண் குறித்த துண்டு நொடிக்கு 240 கோடி முறை அனுப்பும். ஆக நொடிக்கு 19.2 ஜி.பி. இரண்டு வாய்க்கால்களும் திறந்தால் 38.4 ஜி.பி. சாதாரண வேலைகளில் இவ்வேறுபாடு கண்ணுக்குத் தோன்றாது. ஆனால் வரைகலைப் பகுதி பொதுப் பானையிலிருந்து உண்ணும் எம் தமையனாரின் பொறி போன்றவற்றில் ஆட்டத்தின் உயிரே இதில்தான் உள்ளது. ஒலக்கூர் ஏரிப் பாசனத்தில் ஒரு மதகைத் திறப்பதற்கும் இரண்டைத் திறப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அப்பாவிடம் விளக்கவேண்டிய தேவை எமக்கு நேரவில்லை. அவரே, “அப்ப ஏற்கெனவே இருக்கிற மதகைத்தானே இத்தனை வருஷமா மூடி வெச்சிருந்தான்?” என்று கேட்டார். வழக்கில் அவர் வாய் திறந்தது அதுவே முதல்முறை.

விரைவெண் பற்றியும் ஒன்று கூறவேண்டும். பழைய துண்டு 2400. கடையில் இன்று மிகுதியாகக் கிடைப்பது 3200. இரண்டையும் சேர்த்துப் பூட்டினால் இரண்டும் மெதுவானதன் நடைக்கே இறங்கும். ஆகவே பழைய துண்டை வைத்துக்கொள்வோர் விரைவெண்ணுக்காக மிகைப்பணம் கொடுத்தல் வேண்டா. வெவ்வேறு நிறுவனத்தின் துண்டுகள் பெரும்பாலும் ஒத்துழைக்கும்; எப்போதும் ஒத்துழைக்கும் என்று உறுதி கூற எவராலும் இயலாது. ஆதலின் மாற்றித் தர இசையும் கடையில் வாங்குவதே அறிவுடைமை.

டிசம்பர்த் திங்கள் இறுதியில் ஒருநாட் காலை தமையனாரும் யாமும் ஒலக்கூர் நிலையத்திற் பாசஞ்சர் வண்டியேறித் தாம்பரத்தில் இறங்கி, மின்சார வண்டி மாறி எழும்பூர் சேர்ந்து, ரிச்சி தெருவிற்குச் சென்றோம். அண்ணாசாலைக்கு அருகிலுள்ள அத்தெரு, மின்னணுப் பொருள் வாணிகத்திற் பெயர்பெற்றது. பழையதும் புதியதும், உயிருள்ளதும் செத்ததும் அங்கே அடுத்தடுத்த கடைகளில் விற்கும். ஆனால் விலையைக் கேட்டதும் எமக்குத் திகைப்பாயிற்று. சில திங்களுக்கு முன்வரை 2000 ரூபாய்க்குள் கிடைத்துவந்த 8 ஜி.பி. டி.டி.ஆர். 4 புதுத்துண்டிற்கு இருமடங்கிற்கு மேற் கேட்டனர். ஒரு கடையில், “காலையில் சொன்ன விலை மாலையில் இல்லை” என்று தாளில் எழுதியே ஒட்டியிருந்தனர்.

இதற்குக் காரணம் ரிச்சி தெருவில் இல்லை. உலகின் நினைவகச் சில்லுகளிற் பெரும்பகுதியைச் செய்வன மூன்றே நிறுவனங்கள்: தென்கொரியாவின் சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், அமெரிக்காவின் மைக்ரான். செயற்கை அறிவுக்கென எழுப்பப்படும் பெரும் தரவுமையங்கள் அளவிறந்த நினைவகத்தை விழுங்குவனவாதலின், 2025-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இந்நிறுவனங்கள் தம் ஆலைகளை அவற்றின் பக்கமே திருப்பின. மைக்ரான் நிறுவனம், பொதுமக்களுக்கென்று தான் நெடுங்காலம் விற்றுவந்த ‘குரூஷியல்’ என்னும் வாணிகத்தையே விட்டுவிடுவதாக அவ்வாண்டு டிசம்பரில் அறிவித்தது. எங்கோ ஒரு தரவுமையம் எழ, ஒலக்கூரில் ஒருவனுடைய ஆட்டம் நின்றுபோகிறது. பொருளாதார மாணவர்கள் இதனைத் தனிக்கட்டுரையாக எழுதலாம்.

புதுத்துண்டு கைக்கு எட்டாமையால் பழந்துண்டு தேடினோம். நினைவகத் துண்டில் சுழலும் உறுப்போ தேயும் உறுப்போ இல்லையாதலின், நன்கு காக்கப்பட்ட பழந்துண்டு பல்லாண்டு உழைக்கும். நான்காவது கடையில் 2666 விரைவெண்ணுள்ள 8 ஜி.பி. துண்டொன்று, ஒரு திங்கள் உறுதியோடு 2800 ரூபாய்க்குக் கிடைத்தது. கடைக்காரப் பெரியவர் அதனைத் தம் பொறியிற் பூட்டி ஓட்டிக் காட்டினார். அன்றியும், “தம்பி, பழைய ரேமோட படம் இருந்தா காட்டுங்க” என்று கேட்டுப் பார்த்தபின்னரே பணம் பெற்றார். முன்கூறிய 900 ரூபாய்க் கடையையும் இவரையும் ஒப்பிட்டுத் தமையனார் வண்டியில் நெடுநேரம் பேசிக்கொண்டு வந்தார்.

பூட்டும் வேலை எளிது. மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, பொறியின் பொத்தானைச் சில நொடி அழுத்தி எஞ்சிய மின்சாரத்தை வடியவிடவேண்டும். பின்னர்ப் பெட்டியின் வண்ணம் பூசாத இரும்பைத் தொடவேண்டும். நம் உடலில் தேங்கிய நிலைமின்சாரம் சில்லைக் கொன்றுவிடக் கூடும். ஆனால் யாம் பெட்டியைத் திறந்தவுடன் எம்மை எதிர்கொண்டது மின்சாரமன்று, ஆறாண்டுத் தூசியும் இரண்டு பல்லிமுட்டை ஓடுகளும். மணிலாத் தொலித் தூசு விசிறியின் இதழ்களில் மெத்தைபோற் படிந்திருந்தது. அதனைத் துடைக்கவே ஒரு மணிநேரமாயிற்று. இனிப் பள்ளத்தின் ஓரத்திலுள்ள பிடியை விலக்கி, துண்டின் வெட்டையும் முட்டையும் நேர்ப்படுத்தி, இருமுனையிலும் பெருவிரலால் ஒப்ப அழுத்தினால் ‘டக்’ என்னும் ஓசையோடு பிடி தானே மூடிக்கொள்ளும். நான்கு பள்ளமுள்ள தாய்ப்பலகைகளில் பெரும்பாலும் செயலியிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதுமே முதலிற் பூட்டற்பாலன. பலகைக்குரிய கைப்புத்தகத்தைப் பார்த்துக்கொள்க.

பூட்டினோம்; பொத்தானை அழுத்தினோம். விசிறி சுழன்றது, திரை கறுப்பாகவே இருந்தது. தமையனாரின் முகமும் அவ்வண்ணமே ஆயிற்று. 2800-உம் 900-உம் கூட்டினால் 3700 என்னும் கணக்கை அவர் வாயாற் கூறவில்லையாயினும் எமக்குக் கேட்டது. துண்டுகள் இரண்டையும் கழற்றினோம். தொடுமுனைகள் பொன்முலாம் பூசியவையேனும், ஆண்டுகள் செல்ல அவற்றின்மேல் அழுக்குப் படிந்து மின்சாரத்தைத் தடுக்கும். தங்கையின் பென்சில் அழிக்கும் ரப்பரை வாங்கி, பழைய துண்டின் முனைகளை மெல்லத் தேய்த்து, துகளை ஊதிவிட்டோம். எச்சில் தெறிக்காமல் ஊதவேண்டும். தூரிகை இருந்தால் அதுவே நன்று. முதலில் புதுத்துண்டை மட்டும் பூட்டிப் பார்த்தோம். ஒளி வந்தது. பின்னர் இரண்டையும் பூட்டினோம். பொறி ஒருமுறை தானே அணைந்து, மறுபடி எழுந்து, அரை நிமிடம் யோசித்தது. புது நினைவகத்தோடு பேசும் கால அளவுகளைப் பொறி தானே பழகிக்கொள்ளும் வேளை அது. அப்போது அஞ்சி மின்சாரத்தை நிறுத்திவிடலாகாது. யாம் கையைப் பிசைந்துகொண்டு நின்றோம். பின்னர்த் திரையில் 16 ஜி.பி. என்று எழுத்துத் தோன்றிற்று.

அன்றிரவு ஆட்டத்திற்கு இடந்தரவில்லை. ‘மெம்டெஸ்ட்86’ என்னும் சோதனையை இரவு முழுதும் ஓடவிட்டோம். அது நினைவகத்தின் ஒவ்வோர் அறையிலும் எழுதிப் படித்துப் பிழை தேடுவது. பழந்துண்டு வாங்குவோர் இதனை ஒருபோதும் விடலாகாது. ஒரு திங்கள் உறுதி முடிந்தபின் பிழை கண்டு பயனில்லை. விடியற்காலையிற் பிழை சுழி என்று காட்டிற்று.

பயன் எத்தகையது? ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5’ ஆட்டத்தில் நொடிக்கு 30 காட்சியை ஒட்டித் தள்ளாடிக்கொண்டிருந்தது, அதே அமைப்பில் 45-ஐ ஒட்டி நின்றது. எண்ணினும் சிறந்த மாற்றம், நடுவே கல்லாய்ச் சமைதல் அறவே நீங்கியது. தங்கை பாடக் காணொளியையும் குறிப்பேட்டையும் உலாவியிற் பத்துப் பக்கங்களையும் ஒருங்கே திறந்துவைத்துப் பார்த்து, “இப்பத்தான் இது மனுஷங்க பயன்படுத்துற மாதிரி இருக்கு” என்றாள்.

எல்லாம் தீர்ந்துவிட்டன என்று கூறுவது பொய்யாகும். பொறி விழித்தெழும் நேரம் சிறிதே குறைந்தது. அது சுழலும் வட்டின் குற்றம். அவ்விடத்தில் ‘எஸ்.எஸ்.டி.’ என்னும் சுழலாத வட்டு வைத்தாலன்றி அது நீங்காது. மேலும் விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் அளித்துவந்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளும் செயலிகளின் பட்டியலில் 2200ஜி இல்லை. நினைவகம் இருமடங்காயினும் அக்கதவு திறவாது. லினக்ஸ் இடலாம், ஆனால் ‘வேலோரண்ட்’ அதில் ஓடாது என்பதால் தமையனார் இசையவில்லை. ஆகவே இம்மருத்துவம் அப்பொறிக்கு இரண்டொரு ஆண்டு வாழ்நாளைக் கூட்டியது என்றே கொள்ளவேண்டும். 3700 ரூபாய்க்கு அது போதும் என்பது எம் கருத்து. 2800 என்றே கூறியிருக்கலாம். மற்ற 900-ஐத் தமையனார் இன்னும் கணக்கிற் சேர்க்க மறுக்கிறார்.

ஜனவரி முதல் வாரத்தில் தங்கையின் விடுதிக்கட்டணம் செலுத்தப்பட்டது. பிப்ரவரியில் ரிச்சி தெருப் பெரியவரிடமிருந்து தமையனாருக்கு ஒரு தொலைபேசி வந்ததாம். விலை இன்னும் ஏறிவிட்டதென்றும், அத்துண்டைத் திருப்பித் தந்தால் கொடுத்த பணத்திற்கு மேலேயே தருவதாகவும் கேட்டாராம். இரவில் ஆட்டம் இருக்கிறது என்று கூறித் தமையனார் மறுத்துவிட்டார். அந்த டி.டி.ஆர். 3 துண்டு வேண்டுமா என்று கேட்டதற்கு மட்டும், பெரியவர் சிரித்துக்கொண்டே கருவியை வைத்துவிட்டாராம்.